அழைப்பிதழோடு பாக்கிச் சீட்டைப் பின் அடித்துக் கொடுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

போன ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் செயலாளர் என் கையில் 11 உறைகளைக் கொடுத்தார். எங்கள் அன்பியத்தில், அதாவது எங்கள் தெருக் குடும்பங்களின் ஜெபக் குழுவில், பல வருடமாகக் கோயிலுக்கு வராத 11 குடும்பங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். வழவழப்பான அட்டை, மேலே மாதா படம், நடுவில் நம் கோயில் கோபுரம், “இது உங்கள் வீடு, திரும்பி வாருங்கள்” என்று பெரிய எழுத்து. இறை இரக்க ஞாயிறன்று சிறப்புத் திருப்பலி, அப்புறம் மதியச் சாப்பாடு. பார்க்க நிறைவாகத்தான் இருந்தது.

அட்டையைத் திருப்பினால் பின்பக்கம் ஒரு சீட்டு பின் அடித்திருந்தது. குடும்பத் தலைவர் பெயர், கோயில் குடும்ப அட்டை எண், குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயில் வாங்கும் தலைக்கட்டு வரியின் பாக்கி, திருவிழா வரி பாக்கி, மொத்தம். அதற்குக் கீழே, பாக்கியைச் செலுத்தி அட்டையைப் புதுப்பித்துக்கொள்ளும்படி அன்புடன் கேட்டிருந்தீர்கள். புதுப்பிக்காத குடும்பங்களின் திருமுழுக்கு, திருமண ஓலை (திருமண அறிவிப்பு), அடக்கம் ஆகியவற்றுக்குப் பங்கு பொறுப்பேற்காதாம். அதையும் அன்புடன்தான் எழுதியிருந்தீர்கள்.

அந்த 11 உறைகளும் என் தையல் மெஷின் டிராயரில் இருக்கின்றன. நான் கொடுக்கவில்லை. அந்தச் சீட்டோடு கொடுக்கப் போவதும் இல்லை. காரணத்தைச் சொல்லப் பேரவைக் கூட்டத்தில் எழுந்தேன். “நேரமாகுது, எழுதிக் கொடுங்கம்மா” என்றார்கள். எழுதிவிட்டேன். அந்த 11 வீட்டுக்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லார் கண்ணிலும் படும்படி வைக்கிறேன்.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். 9 வருடம் எங்கள் தெருவுக்கு வரி நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான்தான். யார் கட்டினார்கள், யார் இழுத்தடித்தார்கள், யார் வீட்டில் சத்தம் கேட்டதும் டிவியை நிறுத்திவிட்டு ஆளில்லாத மாதிரி இருந்தார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆகவே இது நீங்கள் மட்டும் செய்த தவறு என்று சொல்ல வரவில்லை.

சாமி, நீங்கள் இந்தப் பங்குக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. 2016-இல் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் இருந்தார். முதுகில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் கிடந்தவர். ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு இறந்துபோனார். ஊரில் சாவு விழுந்தால் துக்க மணி அடிக்க வேண்டும். அது கேட்டுத்தான் சனம் எழுந்து வரும். அவருடைய மகனுக்கு அப்போது 17 வயது. மணி அடிக்கும் கோயில்பிள்ளையிடம் ஓடினான். அவர் செயலாளரைக் கேட்டுவிட்டு வரச் சொன்னார். செயலாளர் பொருளாளரைக் கைகாட்டினார். பொருளாளர் விடியட்டும் என்றார். விடிந்ததும் நோட்டு என்னிடம் இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

போனேன். அந்த வீட்டு முன்னறையில் ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தித்தான் நான் தொகையைச் சொன்னேன். 6 வருடப் பாக்கி 6,600 ரூபாய், கல்லறைக் குழிக்கு 1,500. அந்தப் பெண் எதுவும் பேசவில்லை. கையிலிருந்த ஒற்றை வளையலைக் கழற்றி மகனிடம் கொடுத்தாள். அடகுக் கடை திறக்க 9 மணி ஆகும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் தன் கையிலிருந்து பணம் கொடுத்து அனுப்பினார். பொருளாளர் கார்பன் தாள் வைத்து மூன்று ரசீது எழுதினார்: பழைய பாக்கி, கல்லறை, மணி. 2 மணிக்கு இறந்தவருக்கு மணி அடித்தபோது காலை 7 ஆகியிருந்தது. அந்தப் பையன் மூன்று ரசீதையும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அடக்கத்தில் அவன் குனிந்து மண் போடும்போது அந்தக் காகித மடிப்பு பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் கோயிலுக்குள் வந்ததில்லை. இப்போது அவர்களுக்கு நீங்கள் அனுப்பியிருக்கும் சீட்டில் பாக்கி 19,800 ரூபாய். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அந்தக் கொத்தனாரின் பெயர். நாமே அடக்கப் பூசை வைத்து மண் போட்ட மனிதரின் பெயரில் 9 வருடமாக வரி எழுதிக்கொண்டிருக்கிறோம், சாமி. நோட்டில் யாரும் அவரை இன்னும் அடக்கம் செய்யவில்லை.

அவள் கோயிலுக்கு வராதவள் என்று நம் பட்டியல் சொல்கிறது. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று நான் தாமதமாகத் திரும்பியபோது அவளைக் கோயில் வாசலில் குகை மாதிரி கட்டியிருக்கும் கெபியில் பார்த்தேன். எல்லாரும் போய் விளக்கு அணைத்த பிறகு மெழுகுத்திரி ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் தயங்கி நின்றதைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: “நான் எங்கக்கா வராம இருக்கேன்? நீங்கள்லாம் போனப்புறம் வாரேன்.” மறுநாள் காலையில் கோயில்பிள்ளை அந்த மெழுகைத் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். யார் வைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்னொரு உறை திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்வந்த குடும்பத்துக்கு. அங்கே ஞாயிறும் வேலை இருந்த காலம் அது. ஓய்ந்த நேரத்தில் அங்குள்ள கோயிலில் சேரலாம் என்று போனால், சொந்தப் பங்கிலிருந்து கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். இங்கே கேட்டார்கள். பாக்கியைக் கட்டினால் கடிதம் என்றோம். இப்படியே 8 வருடம் அவர்கள் எந்தப் பங்கிலும் இல்லை. 2025-இல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான இறக்குமதி வரியை 50 சதவீதம் ஆக்கியதும் ஆர்டர் குறைந்து வேலை போய் ஊருக்கு வந்துவிட்டார்கள். அங்கே ஒரு வரி துரத்தியது, இங்கே ஒரு வரி வாசலில் நிற்கிறது. அவர்களுடைய மூத்த பையனுக்கு 14 வயது, இன்னும் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கவில்லை. வெட்கத்தை விட்டு மறைக்கல்விக்கு வந்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முழங்கால் மேசைக்குள் நுழையவில்லை. சின்னப் பிள்ளைகள் சிரித்தன. அடுத்த வாரம் அவன் வரவில்லை. அவனை ஏன் காணோம் என்று யாராவது அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டோமா?

மூன்றாவது வீட்டில் ஒரு தாய் இருக்கிறாள். மகள் வேறு மதத்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். தாய் 6 வருடமாகப் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவதில்லை. கேட்டால், “எம்மகள் இப்படிப் பண்ணிட்டாளே, நான் எப்படிப் போய் நாக்க நீட்டுவேன்” என்கிறாள். மகளின் திருமணத்துக்காகத் தாய்க்கு நன்மை இல்லை என்று திருச்சபையில் எந்தச் சட்டமும் கிடையாது. அந்தத் திருமணத்தைக்கூட ஆயரின் அனுமதி வாங்கிப் பிறகு முறைப்படுத்த வழி இருக்கிறது. இதை அவளுக்குச் சொல்ல 6 வருடத்தில் ஓர் ஆள் போகவில்லை. ஆனால் வரி கேட்டு 6 தடவை போயிருக்கிறோம். அதில் 4 தடவை நான்.

இப்போது பேரப்பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுக்க வேண்டும் என்று அந்த மகளே ஆசைப்படுகிறாள். அதற்கும் பாக்கிதான் குறுக்கே நிற்கிறது. 2014 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கானில் 32 குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். அதில் ஒரு குழந்தையின் பெற்றோர் கோயிலில் திருமணம் செய்யாமல், அரசுப் பதிவு மட்டும் செய்திருந்தவர்கள். ஊர் உலகம் பார்க்கத்தான் கொடுத்தார்.

நாலாவது வீட்டுக்காரர்கள் “சபைக்குப் போய்விட்டார்கள்” என்று, அதாவது வேறு கிறிஸ்தவப் பிரிவுக்கு மாறிவிட்டார்கள் என்று, பேரவையில் ஒருவர் சிரித்தார். ஏன் போனார்கள்? வீட்டுக்காரர் பெரியாஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தபோது நம்மில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கு ஜெபிக்க வந்த ஒரு பாஸ்டர் இவருக்கும் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனார். மறுநாள் இட்லி வாங்கிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான் நடந்தது.

மற்ற ஏழு வீடுகளிலும் பெரிய கதை ஒன்றும் இல்லை. 2020-இல் கொரோனாவுக்குக் கோயிலைப் பூட்டினோம். அப்போது டிவியில் பூசை பார்க்கத் தொடங்கிய முதியவர்கள் அப்படியே பழகிவிட்டார்கள். முட்டி வலி வேறு. அவர்களைக் கூட்டிவர ஓர் ஆட்டோவும் தெருவுக்கு ஒரு பொறுப்பான ஆளும் போதும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். பேரவையில் எதற்கெடுத்தாலும் “சட்டம் அப்படி” என்கிறீர்களே, அதற்காகத் தேடிப் படித்தேன். 1983-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1184ஆம் எண், யாருக்கெல்லாம் அடக்கச் சடங்கை மறுக்கலாம் என்று சொல்கிறது. விசுவாசத்தை வெளிப்படையாக மறுதலித்தவர்கள், கிறிஸ்தவ விசுவாசத்துக்கு எதிரான காரணத்துக்காகத் தங்கள் உடலை எரிக்கச் சொன்னவர்கள், ஊரறிந்த பாவத்தில் இருந்து மனம் திரும்பாமல் செத்தவர்கள். அவர்கள்கூடச் சாகும் முன் மனவருத்தத்துக்கு அடையாளம் காட்டியிருந்தால் மறுக்க முடியாது. தலைக்கட்டு வரி பாக்கி வைத்தவர் என்று அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை. 1181ஆம் எண் ஏழைகளுக்கு உரிய அடக்கம் கிடைக்காமல் போகக் கூடாது என்கிறது. 848ஆம் எண், வறுமை காரணமாக யாருக்கும் திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருள்சாதனம் தடைபடாமல் குருக்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது விசுவாசிகளின் கடமை என்று 222ஆம் எண் சொல்வதும் எனக்குத் தெரியும். மறைக்கவில்லை. அந்தக் கடமையைச் செய்யாவிட்டால் மணி அடிக்காதே என்று அது சொல்லவில்லை, அவ்வளவுதான்.

529ஆம் எண்ணையும் படித்துப் பாருங்கள். பங்குத்தந்தை குடும்பங்களைச் சந்தித்து, அவர்கள் கவலையிலும் துக்கத்திலும் பங்கெடுக்க வேண்டும் என்று இருக்கிறது. இங்கே குடும்பச் சந்திப்பு எப்படி நடக்கிறது? தவக்காலத்தில் நீங்கள் வீடு மந்திரிக்க வருகிறீர்கள். தீர்த்தம் தெளித்து முடிப்பதற்குள் உங்கள் பின்னாலேயே பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு நிற்கிறார். கையில் காசில்லாத வீட்டில் சாமி வருகிறார் என்றதும் கதவைச் சாத்திக்கொள்வது விசுவாசக் குறைவு என்று நினைத்தீர்களா?

திருச்சபை கொண்டாடிய 2025 யூபிலி ஆண்டு 2026 ஜனவரியில்தான் முடிந்தது. ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என்று பதாகை கட்டி, சிலுவையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனோம். யூபிலி என்றால் என்ன என்று மறைக்கல்வியில் நான்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். லேவியர் நூல் 25ஆம் அதிகாரம்: ஐம்பதாவது வருடம் எக்காளம் ஊதி விடுதலையை அறிவிக்க வேண்டும், அவரவர் தங்கள் நிலத்துக்கும் தங்கள் குடும்பத்துக்கும் திரும்பிப் போக வேண்டும். ஏழு வருடத்துக்கு ஒருமுறை கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்கிறது இணைச்சட்ட நூல். ஒரு பிள்ளை எழுந்து, “அப்போ நம்ம கோயில்லயும் தள்ளுபடி உண்டா டீச்சர்?” என்று கேட்டது. நான் பேச்சை மாற்றிவிட்டேன். யூபிலிப் பதாகை இன்னும் கழற்றப்படாமல் தொங்குகிற அதே சுவரில், கதவுக்குப் பக்கத்தில், தீர்த்தத் தொட்டிக்கு நேர் மேலே பாக்கிதாரர் பட்டியலை ஒட்டியிருக்கிறீர்கள். தீர்த்தம் தொட்டுச் சிலுவை போடும்போது கண் அதில்தான் விழுகிறது.

ஊதாரி மகன் கதையைத் தயவுசெய்து இவர்களுக்குச் சொல்லாதீர்கள். போன மாதப் பிரசங்கத்தில் இவர்களை அந்த மகனோடு ஒப்பிட்டீர்கள். அந்த மகன் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போனான். இவர்களில் யாரும் நம்மிடமிருந்து ஒரு செங்கல்லைக்கூட எடுத்துப் போகவில்லை. வளையலைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உபதேசியார் சம்பளம், கரண்ட் பில், கோயில் கூரை, எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். “வராதவனுக்குத் தள்ளுபடி கொடுத்தால் மாதாமாதம் கட்டுகிறவன் சும்மா இருப்பானா?” என்று பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். நானும் கட்டியவள். தையல் கூலியில் மிச்சம் பிடித்து ஒரு மாதம் விடாமல் கட்டியவள். எனக்கு வருத்தம் இல்லை. வருத்தப்படுகிறவர்கள் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பேச நான் தயார். இந்த 11 குடும்பத்தின் மொத்தப் பாக்கி, நான் கூட்டிப் பார்த்தேன், 1,67,200 ரூபாய். போன திருவிழாவுக்கு ஒளி, ஒலி, வாணவேடிக்கைக்கு 2,10,000 ரூபாய் என்று வரவு செலவில் நீங்களே வாசித்தீர்கள். இதற்கு மேல் இதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் வெளியிட்ட ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ திருத்தூது ஊக்கவுரையில், திருச்சபை சுங்கச்சாவடி அல்ல, எல்லாருக்கும் இடமுள்ள தந்தையின் வீடு என்று எழுதினார். நம் ஊருக்குள் பஸ் நுழையும் முன் இருக்கிற சுங்கச்சாவடியிலாவது ஆம்புலன்சுக்குக் காசு கேட்பதில்லை.

நான் கேட்பது இதுதான். தீர்த்தத் தொட்டிக்கு மேலே இருக்கும் பட்டியலை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். மறுபடி எந்தச் சுவரிலும் ஒட்டாதீர்கள். இந்த 11 குடும்பம் மட்டுமல்ல, பங்கில் வராமல் போன எல்லாக் குடும்பத்தின் பழைய பாக்கியையும் தள்ளுபடி செய்து பேரவையில் தீர்மானம் போடுங்கள். அதைப் பலிபீடத்துக்கு முன் நின்று வாசியுங்கள். சும்மா காதோடு காதாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இனி வரும் வரியை முடிந்தவர் முடிந்ததைக் கட்டட்டும்.

சாவு விழுந்தால் மணி முதலில் அடிக்க வேண்டும். அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை என்று கோயில்பிள்ளையிடம் எழுத்தில் கொடுங்கள். கல்லறைக் கணக்கைப் பதினாறு நாள் கழித்துப் பேசிக்கொள்ளலாம்.

குடும்பச் சந்திப்புக்குப் போகும்போது பொருளாளர் வீட்டில் இருக்கட்டும். முதல் தடவை நீங்கள் போங்கள், சாமி, எங்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு. கையில் நோட்டு வேண்டாம், அழைப்பிதழ்கூட வேண்டாம். அவர்கள் கொடுக்கிற காப்பியைக் குடியுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். அவர்களாகச் சொல்வார்கள். சொல்லும்போது நம் பக்க நியாயத்தைப் பேசாதீர்கள். அந்த மூன்றாவது வீட்டுத் தாயிடம், அவள் நன்மை வாங்கலாம் என்பதை உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொன்னால் அவள் நம்பவில்லை. அவள் பேரப்பிள்ளையின் திருமுழுக்குக்கு நாள் குறியுங்கள்.

திருப்பூர்ப் பையனுக்கும் அவனைப் போன்ற வளர்ந்த பிள்ளைகளுக்கும் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் என் வீட்டில் வைத்து நானே செய்கிறேன். நீங்கள் சம்மதித்தால் போதும். ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களை வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க அன்பியத்துக்கு இருவர் என்று பெயர் போடுங்கள். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கொத்தனார் வீட்டுக்கு நான் தனியாகப் போயாக வேண்டும். அது உங்களிடம் கேட்க வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் குடும்ப அட்டையில் அவர் பெயரை எடுத்துவிட்டு அவருடைய மனைவியின் பெயரைத் தலைவராகப் போட்டு, புது அட்டை எழுதிக் கொடுங்கள். கையில் எடுத்துக்கொண்டு போக எனக்கு அது வேண்டும்.

குருத்து ஞாயிறுக்கு முன் பேரவையின் முடிவை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். சீட்டைக் கழற்றிவிட்டுக் கொடுக்கலாம் என்று நீங்கள் சொன்னால், அன்று சாயங்காலமே 11 வீட்டுக்கும் நடந்து போய் அட்டையைக் கொடுத்துவிடுவேன். பின் கழற்றுகிற கருவி என் மெஷின் டிராயரிலேயே கிடக்கிறது.

இப்படிக்கு,
கீழத்தெரு அன்பியத்தின் பொறுப்பாளர்